ஜலீலா வக்கீலம்மாவின் நாற்பதாம் நாள்

ஜனவரி 22, செவ்வாய்

மகளின் விவாகரத்துக் கேஸில் இரண்டாவது சமரச அமர்வும் முடிந்தது. என்னை உள்ளே விடவில்லை. நீதிபதி கணவன் மனைவியை மட்டும்தான் கூப்பிடுவாராம். பெற்றவன் தாழ்வாரத்தில் நிற்க வேண்டுமாம். நின்றேன்.

வெளியே வந்த மருமகன் கைஸ் எனக்கு ஸலாம் சொன்னான். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதால் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கொடுக்கவில்லை.

காரில் மகள் உல்ஃபாவிடம், "உள்ள என்னம்மா கேட்டாங்க?" என்றேன். "கேட்டாங்க" என்றாள். பெற்ற மகள் அப்பனுக்குச் சொல்லும் பதிலா இது?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பேத்தி யுஸ்ரா இங்கே ஸ்ஃபாக்ஸில் என் வீட்டில் இருக்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தை. அவள் அப்பன் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வரட்டும், ஒரு மணி நேரம் பார்க்கட்டும். இப்போதைக்கு அப்படித்தான் நடக்கிறது, அப்படியே தீர்ப்பாகவும் வர வேண்டும். காபிஸுக்கு ஒரு ராத்திரி கூட அனுப்ப மாட்டேன். உல்ஃபாவைக் கேட்காமல் காபிஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுப் பக்கம் போனவன் அவன். போனவன் போனவனாகவே இருக்கட்டும்.

எங்கள் வக்கீல் ஜலீலா அம்மாவுக்கு நெஞ்சில் சளி, வரவில்லை. ஜூனியர் அஹ்லாமை அனுப்பியிருந்தார். நல்ல பெண்தான். ஆனால் கடையில் பாதாம் மூட்டையைத் தூக்கும்போதே எனக்கு எடை தெரிந்துவிடும். இவள் இன்னும் எடை பிடிக்கவில்லை.

ஜனவரி 27, ஞாயிறு

வக்கீலம்மா போய்விட்டார்.

காலையில் செய்தி வந்தது, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கப்ருஸ்தானில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் ஊரில் எந்த வீட்டிலும் கணவன் மனைவி ஒழுங்காக வாழவில்லையோ என்று தோன்றும். அத்தனை பேர்.

மதிலில் சாய்ந்து ஒருவன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். எங்கேயோ பார்த்த முகம். அருகில் போனதும் தெரிந்தது, ரிதா. கைஸின் வக்கீல். எதிர்த்தரப்பு!

பக்கத்தில் நின்ற கிழவர் தவ்ஃபீக்கிடம் கேட்டேன். அவரும் வக்கீல்தான். "இந்தாளு ஏன் இப்படி அழறான்?"

"அவ கையில வளந்தவனாச்சே ஹாஜி! இந்த ஊர்ல குடும்பக் கேஸ் நடத்துற பாதிப் பேரு அவகிட்ட ஜூனியரா இருந்தவங்கதான். ரிதாவும் சரி, உங்க அஹ்லாமும் சரி."

ஆக, இரண்டு பக்கமும் ஒரே மொத்தக்கடைச் சரக்கு. இதை யாரும் எனக்கு முதலிலேயே சொல்லவில்லையே?

ஜனவரி 28

கடையில் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி நடந்தேன்.

பிப்ரவரி 2, சனி

அஹ்லாமைப் போய்ப் பார்த்தேன். வக்கீலம்மாவின் நாற்காலியில் உட்காராமல், எதிரே போட்டிருக்கும் ஜூனியர் நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன்.

"மூணாவது அமர்வு அடுத்த மாசம். ஜெயிச்சிடுவோமா?"

"அம்மா இருந்தா, எதை ஜெயிக்கணும்னு கேப்பாங்க ஹாஜி."

"அம்மா இல்ல இப்ப. நீ உன் வாயால சொல்லு."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரி, கொஞ்சம் பேசட்டும் என்று விட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வக்கீலம்மா அவளிடம் ஒரு காகிதம் கூடத் தரவில்லையாம். தினமும் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தாராம். "யாரு யாரோட வராங்கன்னு பாரு. கேள்வி யார்கிட்ட கேக்கறாங்க, பதில் யாரு சொல்றாங்கன்னு பாரு. சாயங்காலம் வந்து சொல்லு." இவள் ஒவ்வொரு நாளும் தப்பாகச் சொல்வாளாம், அம்மா ஒவ்வொரு நாளும் திட்டுவாராம்.

"அந்த மாசம் சம்பளம் கொடுத்தாங்களா?" என்றேன்.

"முழுசா கொடுத்தாங்க."

சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சம்பளம்! என் கடையில் இப்படி நடந்தால் பாதாம் மூட்டை தானே நடந்து வெளியே போய்விடும்.

பிப்ரவரி 7, வியாழன்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

மத்தியானம் வங்கிக்குப் போகும் வழியில் வக்கீலம்மா அலுவலகம் இருக்கும் கட்டடத்தைத் தாண்டினேன். வாசலில் ரிதா. கையில் துணி சுற்றிய பெரிய பாத்திரம். கதவைத் திறந்தது யார்? அஹ்லாம். சிரித்துக்கொண்டு!

விடுவேனா? பின்னாலேயே ஏறினேன். தட்டினேன்.

உள்ளே ஆறேழு வக்கீல்கள். நடுவில் ஒரே தாம்பாளத்தில் மீன் கூஸ்கூஸ், ரவைச் சோற்றில் ஆவி பறக்க. ஆளுக்கொரு கரண்டி. என்னைப் பார்த்ததும் அஹ்லாமின் முகம் வெளுத்தது. தவ்ஃபீக் கிழவர்தான் சமாளித்தார்.

"வாங்க ஹாஜி, வாங்க! கரண்டி எடுங்க. டேய் ரிதா, தள்ளிக்கோ. உன் உடம்புக்கு மூணு பேர் எடம் வேணும்."

எதிர்த்தரப்பு வக்கீலின் முழங்கை என் முழங்கையில் இடிக்க உட்கார்ந்தேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்கள். இது வக்கீலம்மா ஆரம்பித்த வழக்கமாம். வாரம் முழுக்கக் கோர்ட்டில் ஒருவரையொருவர் கிழித்துக்கொள்பவர்கள் வியாழக்கிழமை மத்தியானம் ஒரே தாம்பாளத்தில் சாப்பிட வேண்டும். நடக்கிற கேஸைப் பற்றி மூச்சு விடக் கூடாது. விட்டால் அடுத்த வாரச் சமையல் அவர்கள் தலையில். அவர் போன பிறகும் விடவில்லை.

"நான் மொதல் மொதல்ல அவங்களுக்கு எதிரா நின்னப்ப" என்றான் ரிதா, வாயில் சோற்றோடு, "கேஸ் கூப்பிடறதுக்கு முன்னாடி பக்கத்துல வந்தாங்க. என் அங்கி கழுத்துப்பட்டை மடங்கியிருந்துச்சு. எடுத்து நேரா விட்டாங்க. 'இப்ப பாக்க வக்கீல் மாதிரி இருக்கே'ன்னாங்க. அப்புறம் உள்ள போய் என்னை உரிச்சுத் தொங்கவிட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மீன் நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

இவர்கள் எனக்குத் தெரியாமல் என்ன பேசி முடிக்கிறார்களோ? கேஸைப் பேச மாட்டோம் என்கிறார்கள். சந்தையில் இரண்டு தரகர்கள் ஒன்றாகக் காபி குடித்தாலே அன்றைக்கு விலை மாறிவிடும். இதை நான் முப்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 8

தலைநகர் துனிஸில் ஒரு வக்கீல் இருக்கிறாராம். தோற்றதே இல்லையாம். போன் செய்தேன்.

"குழந்தையோட அப்பன் குடிப்பானா?" என்றார்.

"இல்ல."

"பொண்ண அடிச்சானா?"

"இல்ல."

"பரவாயில்ல. அடிச்சான்னு சொல்ல வெச்சுக்கலாம். ரெண்டு சாட்சி போதும். அப்புறம் அவன் பிள்ளைய ஜன்னல் வழியாத்தான் பாக்கணும்."

உல்ஃபா வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மறுநாளே வந்துவிடுவாராம். ஆள் கெட்டி. நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் மனைவி மன்னூபியாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "கைஸ் எப்பவாச்சும் கை நீட்டியிருப்பானோ?"

"அவனா? உங்க பொண்ணுதான் ஒரு தடவ செருப்பத் தூக்கி வீசினா. அதுவும் குறி தப்பி என் மீன் தொட்டில விழுந்துச்சு. அதுக்குச் சாட்சி வேணும்னா நான் வரேன்" என்றாள்.

இவளோடு எதையும் பேச முடியாது.

பிப்ரவரி 15, வெள்ளி

துனிஸிலிருந்து வக்காலத்துத் தாள் வந்தது. உல்ஃபாவின் முன்னால் வைத்தேன். என்ன குற்றச்சாட்டு என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். எனக்கு ஒளித்துப் பழக்கமில்லை.

தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நாப்பதாம் நாள் முடியட்டும்பா. அதுவரைக்கும் அவங்கதான் எனக்கு வக்கீல்."

செத்துப்போனவர் எப்படி வக்கீலாக இருக்க முடியும்? கேட்கவில்லை. தாளை மடித்து வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 19

கடையில் யாரிடமோ கத்தினேன். யார், எதற்கு என்பது இப்போது நினைவில்லை.

பிப்ரவரி 24, ஞாயிறு

கைஸ் வந்தான். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்றான். யுஸ்ரா ஓடினாள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அவள் ஓடிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்து அப்படி ஓடி வந்ததில்லை. நான் எப்போதும் இங்கேயே இருப்பவன், என்னிடம் ஏன் ஓட வேண்டும் — அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவன் போன பிறகு அரை மணி நேரம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். "உள்ள வாடா கண்ணு" என்றேன். "இருங்க, அப்பா மறந்துபோய் திரும்பி வருவாரு" என்றாள். எதை மறந்து?

ஒரு வருஷம் போனால் பழகிவிடும். குழந்தைகள் மறந்துவிடுவார்கள். மறந்துவிடுவார்களா?

மார்ச் 9, சனி

நாற்பதாம் நாள் கூட்டத்தை லீவு நாள் பார்த்து இன்று கோர்ட்டின் பெரிய கூடத்தில் வக்கீல்கள் சங்கம் நடத்தியது. எல்லோரும் கறுப்பு அங்கியில். மேடையில் அவர் படம். குர்ஆன் ஓதி முடித்ததும் பேச்சுகள் ஆரம்பித்தன. நானும் உல்ஃபாவும் நடுவரிசையில். என் திட்டம் வேறு. கூட்டம் முடிந்ததும் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். தாள் சட்டைப்பையில் இருந்தது.

சங்கத் தலைவர் முதலில் நீளமாகப் பேசினார். அந்தப் பேச்சில் ஜலீலா அம்மாவைக் காணோம். செத்துப்போன எந்த வக்கீலுக்கும் மாட்டிவிடலாம்.

பிறகு தவ்ஃபீக் கிழவர் கைத்தடியோடு ஏறினார்.

"முப்பது வருஷம் அவளுக்கு எதிரா நின்னேன். சும்மா புகழ மாட்டேன். என்னைவிட அவதான் அதிகம் தோத்திருக்கா. ஆனா தோத்துட்டு வெளிய வந்தா அவ கட்சிக்காரி டாக்ஸி பிடிச்சு நேரா வீட்டுக்குப் போயிடுவா. ஜெயிச்ச என் கட்சிக்காரன் வாசப்படில உக்காந்து அழுவான். எனக்கு இன்னிக்கு வரைக்கும் காரணம் புரியல. அவள்ட்ட கேக்கணும்னு இருந்தேன். நாளைக்கு நாளைக்குன்னு…"

இறங்கிவிட்டார்.

அஹ்லாம் மூன்று பக்கம் எழுதி வந்திருந்தாள். இரண்டு வரி படித்துவிட்டு மடித்துவிட்டாள். "மிச்சத்தப் படிச்சா திட்டுவாங்க. 'சுருக்குடி, நீதிபதிக்குப் பசிக்கும்'பாங்க." கூட்டம் அழுதுகொண்டே சிரித்தது.

அடுத்து ரிதா.

"பேர் ஊர் சொல்லாம, இன்னும் கோர்ட்டுக்கே வராத கேஸ்னு, அவங்க வியாழக்கிழமை சாப்பாட்டுல சொன்ன கதை ஒண்ணு. ஒரு அப்பா மகளக் கூட்டிட்டு வராரு. விவாகரத்துக் கேஸ். அம்மா அந்தப் பொண்ணப் பாத்துக் கேக்கறாங்க, 'உனக்கு என்னம்மா வேணும்?' அப்பா பதில் சொல்றாரு. 'மாப்பிள்ளை ஆள் எப்படி?' அதுக்கும் அப்பாதான். 'உனக்குத் தாகமா இருக்கா, தண்ணி குடிக்கறியா?' 'வேணாம், அவளுக்குத் தாகமில்ல'ங்கறாரு அப்பா. அம்மா மேசைலேர்ந்து ஒரு பேனாவ எடுத்து அவர்ட்ட நீட்டினாங்களாம். 'அப்ப விவாகரத்து மனுவுல நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க.' கிண்டலா சொன்னாங்க! மனுஷர் பேனாவ வாங்கி, மூடியத் தொறந்து, மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு, 'எங்க போடணும்?'னாராம்!"

கூடமே வெடித்தது. முன்வரிசையில் இருந்த நீதிபதி ஒருவர் மேசையைத் தட்டினார்.

அந்த அப்பன் நான்.

ரிதாவுக்கு அது தெரியாது, நிச்சயம். தெரிந்திருந்தால் என்னைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்க முடியாது. ஆனால் எனக்குத் தெரியும். காது இரண்டும் அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. பேனா நீட்டினால் வாங்க மாட்டானா ஒருத்தன்? வேறென்ன செய்வது? எல்லாக் காகிதத்திலும் நான்தானே கையெழுத்துப் போடுகிறேன் — கடை, வீடு, கார், அவள் படிப்பு, அவள் கல்யாணம்…

பக்கத்தில் ஏதோ சத்தம். திரும்பினேன். உல்ஃபா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய. செப்டம்பரில் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாளே, அதற்குப் பிறகு என் மகள் சிரித்து நான் பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்த முயன்றாள். முடியவில்லை. இன்னும் அதிகமாகிவிட்டது.

ரிதா முடிக்கவில்லை. "நாங்க எல்லாம் இப்படித்தான் சிரிச்சோம். அம்மா சிரிக்கல. 'அந்தாளு கெட்டவன் இல்லடா, பயந்தவன்'னாங்க. 'கெட்டவன்கிட்ட பேரம் பேசலாம். பயந்தவன் எதையும் கையவிட்டு விட மாட்டான். நசுங்கினாலும் இறுக்கிப் பிடிச்சுக்குவான்'னாங்க. அந்தக் கேஸ் என்னாச்சுன்னு எனக்குத் தெரியாது. அவங்க சொல்லல."

பயமா? எனக்கா? கால்பந்து மைதான வாசலில் போலீஸ் தடியடிக்கு நடுவே சூரியகாந்தி விதைப் பொட்டலம் விற்று மேலே வந்தவன் நான். அந்தம்மாவுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்?

கூட்டம் முடிந்தது. தாளை எடுக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

காலையில் சமையலறையில் உல்ஃபா மட்டும் இருந்தாள். கேட்டேன். "உனக்கு என்ன வேணும்?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா அது! பதில் எனக்கே நாக்கு நுனியில் இருந்தது. அவள் பால் பொங்கி வழிவதைக் கூடக் கவனிக்காமல் யோசித்தாள். அடுப்பை நானே எழுந்து அணைத்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

"விவாகரத்து வேணும். அதுல மாத்தமில்ல. அவனோட இனி வாழ முடியாது." பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "லீவுல பாதி நாள் யுஸ்ரா காபிஸ்ல இருக்கணும். அதை எழுதி வாங்கணும், நாளைக்கு அவனோ நானோ மனசு மாறக் கூடாது. அடிச்சான் கிடிச்சான்னு யாரும் சொல்லக் கூடாது."

"அவன் பிள்ளையத் திருப்பி அனுப்பலேன்னா?"

"அவன வேணாம்னு சொன்னது நான்ப்பா. யுஸ்ரா சொல்லல."

எழுந்து அடுப்பில் வழிந்த பாலைத் துடைத்தேன்.

மார்ச் 11

துனிஸ் வக்கீலுக்கு போன் செய்து வேண்டாம் என்றேன். "பொண்ணு பேச்சக் கேட்டுப் பிள்ளையக் கோட்ட விடாதீங்க" என்றார். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

மார்ச் 18, திங்கள்

மூன்றாவது அமர்வு. நான் போகவில்லை. உல்ஃபா டாக்ஸியில் போனாள். கோட்டு பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் டாக்ஸி போய்விட்டது.

கடையில் சூஸா ஊர் வியாபாரி ஒருவருக்குப் பிஸ்தாவைப் பாதாம் விலைக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார். வியாபாரி என்றால் அவன் வியாபாரி.

மத்தியானம் அஹ்லாம் போன் செய்தாள். ரிதாவும் அவளும் சேர்ந்தே ஒப்பந்தத்தை எழுதிவிட்டார்களாம். உல்ஃபா கேட்டபடியே எல்லாம். "ஒரே ஒரு வரிக்கு மட்டும் ரெண்டு பேரும் சண்டை போட்டோம் ஹாஜி. பெருநாள் லீவு யாருக்குன்னு."

"யாரு ஜெயிச்சீங்க?"

"நான்தான்!" என்றாள்.

எடை பிடித்துவிட்டாள் போலிருக்கிறது. சிரிக்க வேண்டும் போல இருந்தது. சிரிக்கவில்லை.

ஏப்ரல் 20

தீர்ப்பாகிவிட்டது. யுஸ்ரா அடுத்த சனிக்கிழமை காபிஸுக்குப் போகிறாள், ஒரு வாரம். மன்னூபியா துணி மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். வீட்டில் என்னைப் போல இன்னொருத்தியும் இருக்கிறாள்.

ஏப்ரல் 27, சனி

காலையில் கைஸ் போன் செய்தான். வரும்போது பாதி வழியில், ஸ்கீராவில், கார் நின்றுவிட்டதாம். மெக்கானிக் பார்க்கிறானாம், சாயங்காலம் ஆகிவிடும், நாளை வரட்டுமா என்று கேட்டான்.

நாளை வா என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாள் மிச்சம். யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் யுஸ்ரா விடியற்காலையிலிருந்து செருப்பு போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "அங்கேயே இரு, நான் கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது.

மஹாரஸ் ஊரைத் தாண்டியதும் பின் சீட்டில் தூங்கிப்போனாள். வழியெல்லாம் திரும்பிவிடலாமா, திரும்பிவிடலாமா என்று ஸ்டீயரிங்கைப் பிடித்த கை கேட்டுக்கொண்டே இருந்தது.

ஸ்கீராவில் சாலையோர மெக்கானிக் கடையில் கைஸ் நின்றான், முழங்கை வரை கரி. சாயங்காலத்துக்கு முன்பே சரியாகி, கார் அப்போதுதான் ஸ்டார்ட் ஆகியிருந்தது. என்ன கார் அது! நான் விதை விற்ற தள்ளுவண்டி இதைவிட நன்றாக ஓடும். சொன்னேன். "உண்மைதான்" என்றான்.

"முழிச்சா அழுவா. எழுப்ப வேணாம்" என்றேன்.

"என் கையெல்லாம் கரி."

"அப்ப நான் தூக்கறேன். நீ கதவத் தொறந்து தலையப் பாத்துக்கோ. கூரை தாழ்வு, இடிச்சிடப் போகுது."

அவன் தன் கோட்டைச் சுருட்டித் தலையணையாக வைத்தான். நான் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவளை அவன் காரின் பின் சீட்டில் இறக்கினேன். அவள் விரல்கள் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கதவைச் சாத்தினால் சத்தம் கேட்கும் என்று கைஸ் மெல்ல அமுக்கிப் பூட்டினான்.

யுஸ்ரா விழிக்கவில்லை.